பழைய விளையாட்டு மடிக்கணனி: செலவிடுவதா, கைவிடுவதா?

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் வீடுகளில் இப்பொழுது அடிக்கடி எழுகின்ற வழக்குகளுள் ஒன்று மடிக்கணனி வழக்கு ஆகும். "அப்பா, இது இனிச் சரிவராது. புதுசு ஒண்டு வாங்கித் தாங்கோ" என்கிறான் மகன். "ஆயிரம் யூரோ குடுத்து வாங்கின சாமான். அதுக்குள்ள பழசாப் போச்சோ?" என்கிறார் தந்தை. கணனிக் கடையில் நிற்கும் தெரிந்த இளைஞரோ, "அண்ணை, ராமைக் கூட்டிவிட்டால் பறக்கும்" என்று மூன்றாவது வழியொன்றைக் காட்டுகிறார். மூவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், கணனியின் எந்த உறுப்பு நோயுற்றிருக்கிறது என்பதை மூவருள் எவரும் இன்னும் பார்க்கவில்லை.

இது வெறும் விளையாட்டுச் சாமான் பற்றிய பேச்சு என்று ஒதுக்கிவிடவும் இயலாது. பிரான்சில் தங்குமிடம் வழங்கப்பட்ட தனியொரு தஞ்சக் கோரிக்கையாளருக்கு 2024இல் கிடைத்த கொடுப்பனவு நாளொன்றுக்கு 6.80 யூரோ. பிரித்தானியாவில் அதே ஆண்டில் வாரமொன்றுக்கு 49.18 பவுண். இந்தக் கணக்கில், ஆயிரம் யூரோ பெறுமதியான புதிய மடிக்கணனி ஒன்று ஏறத்தாழ ஐந்து மாதச் சீவனத்துக்குச் சமம். வதிவிட உரிமை பெற்று, உணவகத்திலும் துப்புரவுத் தொழிலிலும் இரட்டை வேலை செய்து, ஊரிலுள்ள பெற்றோருக்கும் பணம் அனுப்பும் குடும்பத்துக்கும் அது சிறு தொகை அன்று. மறுபுறத்தில், அந்தக் கணனியிலேதான் பிள்ளை படிக்கிறது. தாய் மொழி வகுப்புக்கான பயிற்சிகளைச் செய்கிறார். ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாலையில் ஒன்றுகூடி விளையாடுவதும் அதன் வழியேதான். ஆகவே செலவிடுவதும் செலவிடாமல் விடுவதும் சிந்தித்துச் செய்ய வேண்டிய முடிவுகளாகும்.

திருத்தும் பழக்கமும் அதன் எல்லையும்

திருத்திப் பாவிப்பதில் எம்மவரை விஞ்சுவோர் அரிது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருள். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓடியது. எறிவதற்கு எதுவுமே இல்லாத காலம் அது. அக்காலத்தில் சிறுவராய் இருந்தோர் இன்று ஐரோப்பாவில் பெற்றோராய் இருக்கின்றனர். நல்ல நிலையிலுள்ள பொருளை எறிய அவர்களுக்கு மனம் வருவதில்லை.

இது நல்ல குணமே. ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதம் மாத்திரமே. எனினும் இக்குணத்துக்குள் ஒரு பொறியும் உண்டு. டைனமோவினால் வானொலி இயங்கியமைக்குக் காரணம், வானொலியில் குறைவுபட்டிருந்தது மின்சாரம் ஒன்றே என்பதாகும். குறைபாடு வேறோர் இடத்தில் இருந்திருந்தால் எத்தனை டைனமோ சுழற்றியும் பயனில்லை. விளையாட்டு மடிக்கணனிக்குச் செலவிடுவதா இல்லையா என்ற வினாவுக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

மாற்றக்கூடியதும் மாற்றமுடியாததும்

விளையாட்டுக்கென விற்கப்படும் மடிக்கணனி ஒன்றின் வேகத்தை நிர்ணயிக்கும் உறுப்புகள் நான்கு: கட்டளைகளை நிறைவேற்றும் மையச் செயலி, காட்சிகளை வரைந்து தரும் வரைகலைச் சில்லு, தற்காலிக நினைவகமாகிய ராம், நிரல்களும் கோப்புகளும் நிலையாகக் குடியிருக்கும் சேமிப்புத் தட்டு. மேசைக்கணனியில் இந்நான்கையும் கழற்றி மாற்றலாம். மடிக்கணனியிலோ முதலிரண்டும் தாய்ப்பலகையுடன் பற்றாசு வைத்து ஒட்டப்பட்டவை. அவற்றை மாற்றுவதாயின் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும்; அதன் விலையைக் கேட்டால், இன்னொரு கணனியே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

விதிவிலக்குகள் உண்டு. முன்னர் எம்.எக்ஸ்.எம். எனப்படும் அட்டை வடிவில் வரைகலைச் சில்லைப் பொருத்திய பெரிய மடிக்கணனிகள் சில வெளிவந்தன. ஆயினும் அவற்றுக்குப் பொருந்தும் புதிய அட்டைகள் கிடைப்பது எளிதன்று. 2024இல் விற்பனைக்கு வந்த பிரேம்வேர்க் 16 என்னும் மடிக்கணனியில் வரைகலைப் பகுதியைத் தனியாகக் கழற்றி மாற்றலாம்; அதற்கென என்விடியா ஆர்.ரி.எக்ஸ். 5070 சில்லுடன் கூடிய பகுதி 2025இல் அறிவிக்கப்பட்டது. தண்டர்போல்ற் 3 அல்லது அதற்குப் பிந்திய இணைப்பு உள்ள கணனிகளில் வெளிப்புறப் பெட்டி ஒன்றில் மேசைக்கணனியின் வரைகலை அட்டையை வைத்து இணைக்கவும் முடியும். ஆனால் பெட்டிக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை. குறுகிய இணைப்பினூடாகச் செல்வதால் அட்டையின் முழு ஆற்றலும் வந்து சேர்வதுமில்லை. சாதாரணக் குடும்பத்தின் தீர்மானத்துக்கு இவை உதவா.

ஆக, எமது கையில் எஞ்சுவன: சேமிப்புத் தட்டு, ராம், பற்றரி, உள்ளே படிந்த தூசியும் காய்ந்துபோன வெப்பப் பசையும். நோய் இவற்றில் இருந்தால் செலவு பயன் தரும். செயலியிலோ வரைகலைச் சில்லிலோ இருந்தால், இவற்றுக்குச் செலவிடும் காசு வீண்காசு ஆகும்.

நோயை அறியும் முறை

இதற்குக் கடைக்காரரின் தயவு தேவையில்லை. வீட்டிலேயே, காசு செலவின்றி, ஒரு மணி நேரத்தில் அறிந்துகொள்ளலாம்.

கொன்ற்றோல், சிவ்ற், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் விண்டோஸின் பணி மேலாளர் திறக்கும். அதில் செயற்பாட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, வழமையாகத் தொல்லை தரும் விளையாட்டையோ வேலையையோ தொடங்க வேண்டும். தட்டு நீண்ட நேரம் 100 வீதத்தில் நிற்க, மற்றவை சும்மா இருந்தால் நோய் தட்டில். ராம் 90 வீதத்தைத் தாண்டி நிரம்பியிருந்தால் நோய் ராமில். வரைகலைச் சில்லு மட்டும் 100 வீதத்தை ஒட்டி நிற்க, மற்றவை அமைதியாக இருந்தால் நோய் அதனிடத்தில்.

இரண்டாவது சோதனை, விளையாட்டின் திரைத் துல்லியத்தைக் குறைத்துப் பார்ப்பது. 1920க்கு 1080 என்ற அளவிலிருந்து 1280க்கு 720 என்ற அளவுக்கு இறக்கும்போது, செக்கனுக்குக் காட்டப்படும் படங்களின் எண்ணிக்கை நன்றாகக் கூடினால், திணறியது வரைகலைச் சில்லு. எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே நின்றால், பெரும்பாலும் மையச் செயலியே தடை.

மூன்றாவது சோதனை வெப்பம். எச்.டபிள்யூ. இன்போ போன்ற இலவச நிரல் ஒன்று உள்வெப்பநிலையைக் காட்டும். விளையாட்டுத் தொடங்கி முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அதன்பின் இழுபடத் தொடங்கினால், செயலியின் வெப்பம் 95 பாகை செல்சியஸைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கணனி மூப்படைந்துவிட்டது என்று பலர் எண்ணுவது உண்மையில் இந்த மூச்சுத்திணறலைத்தான்.

மருந்துகளும் அவற்றின் பயனும்

மலிவான மருந்து துப்புரவு. அடிப்பக்க மூடியைத் திறந்து, விசிறியைச் சுழலாமல் பிடித்துக்கொண்டு, அழுத்தக் காற்றினால் தூசியை ஊதி, பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதிய பசை பூசுவதற்குச் சில யூரோக்களே செல்லும். நான்கைந்து ஆண்டுகள் திறக்கப்படாத கணனிக்கு இதுவே முதற் சிகிச்சையாக இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் வேறெந்த உறுப்பையும் வாங்கலாகாது.

அடுத்தது சேமிப்புத் தட்டு. சுழலும் வன்தட்டு செக்கனுக்குச் சுமார் 100 மெகாபைற்றுகளை வாசிக்கும். அசையும் பகுதியற்ற சாற்றா வகை எஸ்.எஸ்.டி. சுமார் 550, என்.வி.எம்.ஈ. வகையின் மூன்றாம் தலைமுறை 3,500 வரை செல்லும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வேறுபாடு இன்னும் பன்மடங்காகும். வன்தட்டில் விண்டோஸ் ஓடும் கணனிக்கு எஸ்.எஸ்.டி. போடுவது புதுப்பிறவி கொடுப்பதற்கு ஒப்பானது. ஸ்ரார்பீல்ட், பல்டர்ஸ் கேற் 3 போன்ற 2023ஆம் ஆண்டு விளையாட்டுகள் எஸ்.எஸ்.டி.யை ஒரு நிபந்தனையாகவே குறிப்பிட்டன. ஆனால் ஏற்கனவே சாற்றா எஸ்.எஸ்.டி. உள்ள கணனிக்கு என்.வி.எம்.ஈ. போடுவதால் நாளாந்தப் பாவனையில் தெரியும் மாற்றம் சிறிதே. விளம்பரத்திலுள்ள எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

மூன்றாவது ராம். 8 ஜி.பி. உள்ள கணனியை 16 ஜி.பி.யாக்குவது பெரும்பாலும் பயன்தரும். 16ஐ 32 ஆக்குவது விளையாட்டுக்காக மட்டுமெனில் பெரும்பாலும் தேவையற்றது. இங்கே பலர் அறியாத ஒன்றும் உண்டு. கடைகளில் விற்கப்பட்ட பல கணனிகளில் 8 ஜி.பி. ஒரே அட்டையாக, இரு பொருத்துமிடங்களுள் ஒன்றில் மாத்திரம் இருக்கும். டி.டி.ஆர்.4-2666 வகை ஒற்றை அட்டை செக்கனுக்கு 21.3 ஜி.பி. தரவைக் கடத்த வல்லது. அதே வகை இன்னோர் அட்டை சேர்ந்தால் பாதை இரட்டிப்பாகி 42.6 ஜி.பி. ஆகும். கொள்ளளவோடு வேகமும் கூடுவதனால், செயலி திணறும் விளையாட்டுகளிலும் தடங்கல் குறைவதைக் காணலாம்.

ஆனால் "ராம் மலிவு" என்ற பழைய எண்ணத்தைக் கைவிட வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருந்தொகையாக வாங்கத் தொடங்கியதனால், 2025இன் பிற்பகுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. தனியாருக்கு விற்கும் குரூசியல் வியாபாரத்திலிருந்து விலகுவதாக மைக்ரோன் நிறுவனம் 2025 டிசெம்பரில் அறிவித்தமை இந்நெருக்கடியின் அளவைக் காட்டும். எனவே, பழைய கணனிகளிலிருந்து கழற்றிய அட்டைகளை விசாரித்துப் பார்ப்பது தகும். ராம் அட்டை தேய்ந்துபோகும் பொருளன்று. சோதித்து வாங்கினால் பழையதும் பயன்படும். சில மெல்லிய கணனிகளில் ராமும் தாய்ப்பலகையுடன் ஒட்டப்பட்டிருக்கும் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும்.

பற்றரி மாற்றுவதால் விளையாட்டின் வேகம் கூடாது. பாடசாலைக்கும் நூலகத்துக்கும் கொண்டு செல்லும் பிள்ளைக்கு மட்டும் அது அவசியமாகலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: தொடுபலகை மேலெழும்பி நின்றாலோ, அடிமூடி புடைத்திருந்தாலோ, பற்றரி வீங்கியிருக்கிறது என்பது பொருள். அதைச் சார்ஜ் செய்வதை உடனே நிறுத்த வேண்டும். குத்தவோ நெரிக்கவோ கூடாது. ஒரே அறையில் பலர் உறங்கும் விடுதிகளிலும் சிறு வீடுகளிலும் வாழ்வோர் இதில் அலட்சியமாக இருத்தல் ஆபத்து. அத்தகைய பற்றரியைக் குப்பையில் போடாமல் உள்ளூராட்சி மன்றத்தின் மின்கழிவுச் சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

காலம் இட்ட கோடுகள்

உறுப்புகள் நன்றாக இருந்தும், நிறுவனங்கள் இட்ட கோடுகளினால் கணனிகள் மூப்படைவதுண்டு. அத்தகைய கோடுகள் இரண்டு.

முதலாவது மைக்ரோசொப்ட் இட்டது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் நின்றது. ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் உள்ளோர் மைக்ரோசொப்ட் கணக்கொன்றின் மூலம் பதிந்தால், பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2026 ஒக்ரோபர் வரை இலவசமாகப் பெறலாம் என்ற ஏற்பாடு 2025இல் அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11க்கு மாறுவதாயின், இன்ரெல் செயலிகளுள் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்குமே அனுமதி, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்குவழிகளால் பழைய கணனியிலும் அதனை நிறுவுவோர் உளர். அதற்கு மைக்ரோசொப்ட் உத்தரவாதம் அளிப்பதில்லை. அன்றியும், வலோரன்ற் போன்ற விளையாட்டுகள் விண்டோஸ் 11இல் ரி.பி.எம். இருக்கிறதா என்று தாமே பரிசோதிக்கின்றன.

இரண்டாவது என்விடியா இட்டது. ஜி.ரி.எக்ஸ். 900, 1000 வரிசைச் சில்லுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கேற்ற இயக்கி நிரல்களை வழங்குவதை அந்நிறுவனம் 2025 ஒக்ரோபருடன் நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்ரோபர் வரை வரும் என அறிவித்தது. 2019இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 1650, 1660 சில்லுகள் இக்கோட்டுக்கு இப்பால் நிற்கின்றன. ஆயினும் அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. 2024 டிசெம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ், 2025 மே மாதத்தில் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் ஆகிய விளையாட்டுகள், ஒளிக்கதிர்களைக் கணிக்கும் தனி வசதி சில்லில் இருக்க வேண்டும் என்கின்றன. அவ்வசதி ஜி.ரி.எக்ஸ். வரிசையில் இல்லை. 64 ஜி.பி. ராம் போட்டாலும் அது வராது.

இரு கணனிகள், இரு தீர்ப்புகள்

இதுவரை கூறியவற்றை, எம்மவர் வீடுகளிலும் காணக்கூடிய இருவகைக் கணனிகளில் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, 2015இன் பிற்பகுதியில் வெளிவந்த ஏசுஸ் ஆர்.ஓ.ஜி. ஜி.எல். 552வி.டபிள்யூ. இன்ரெல் ஐ7-6700எச்.கியூ. செயலி, ஜி.ரி.எக்ஸ். 960எம். வரைகலைச் சில்லு. அக்காலத்தில் சிறந்ததே. ராம், தட்டு, பற்றரி யாவும் எளிதில் கழற்றி மாற்றக்கூடியவை என்பதனால், திருத்த விரும்புவோரின் கை தானாகவே அதனிடம் செல்லும். ஆனால் செயலி ஆறாம் தலைமுறை: விண்டோஸ் 11 இல்லை. சில்லு 900 வரிசை: புதிய இயக்கிகள் இல்லை. மேற்கூறிய இரு கோடுகளுக்கும் அப்பால் நின்றுவிட்டது. புதிய விளையாட்டுக்காக இதற்கு ஒரு சதமும் செலவிடலாகாது.

அதற்காக அதை எறியவும் வேண்டாம். நான்கு கருக்களும் எட்டு இழைகளும் கொண்ட அச்செயலி எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் காணொளி அழைப்புக்கும் இன்றும் தாராளம். விலைகுறைந்த எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு, லினக்ஸ் மின்ற் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால், மொழி வகுப்புக்கும் விண்ணப்பங்கள் எழுதுவதற்கும் உகந்த கணனி கிடைக்கும். தமிழில் தட்டச்சுச் செய்யவும் அதில் வழியுண்டு. லினக்ஸிலும் புரோட்டன் என்னும் ஏற்பாட்டின் மூலம் விண்டோஸ் விளையாட்டுகள் பல ஓடும். வலோரன்ற், போர்ட்நைற் ஆகியவை ஓடா என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது வீட்டின் அமைதிக்கு நல்லது.

இரண்டாவது, 2019இல் வந்த ஏசர் நைற்றோ 5. ஐ5-9300எச். செயலி, ஜி.ரி.எக்ஸ். 1650 சில்லு. 8 ஜி.பி. ராமுடனும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யுடனும் விற்கப்பட்ட வகை. செயலி ஒன்பதாம் தலைமுறையானதால் விண்டோஸ் 11 ஏற்கும், ரி.பி.எம். வசதி பயோஸில் அணைந்திருந்தால் இயக்கினாற் போதும். ராமுக்கு இரு பொருத்துமிடங்கள், 2.5 அங்குலத் தட்டுக்கும் இடமுண்டு. இதன் உரிமையாளன் கவுண்டர் ஸ்ரைக் 2, வலோரன்ற், லீக் ஒவ் லெஜென்ட்ஸ், மைன்கிராவ்ற் போன்றவற்றை விளையாடுபவனாயின், துப்புரவும் இன்னோர் 8 ஜி.பி. ராமும் சேர்த்தால் மேலும் இரண்டு ஆண்டுகள் நிறைவாக ஓடும். புதிதாக வெளிவரும் பெருவிளையாட்டுகளையே விரும்புபவனாயின், இதற்குச் செலவிடுவதை விடுத்து அப்பணத்தைச் சேமித்து வைத்தல் நன்று.

ஒரே வீட்டில் ஒரே கணனிக்கும் இரு தீர்ப்புகள் சாத்தியம் என்பதை இதிலிருந்து உணரலாம். எந்த விளையாட்டு என்று மகனைக் கேளாமல் தந்தை முடிவெடுக்க இயலாது. வீட்டின் கணக்கை அறியாமல் மகனும் கேட்கலாகாது.

மாதத்தால் வகுக்கும் கணக்கு

எம்மவர் செய்யும் கணக்கு பெரும்பாலும் தொகையோடு நின்றுவிடுகிறது: "புதுசு ஆயிரம், திருத்தினால் நூறு, ஆகவே திருத்தலாம்." இது அரைக் கணக்கு. தொகையை, அது எத்தனை மாதம் உழைக்கும் என்பதால் வகுத்தால்தான் முழுக் கணக்கு ஆகும்.

உதாரணமாக, நைற்றோவுக்கு 120 யூரோ செலவாகிறது என்றும், அதனால் 24 மாதம் கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்: மாதத்துக்கு 5 யூரோ. 1,080 யூரோவுக்கு வாங்கும் புதிய கணனி 60 மாதம் உழைத்தால் மாதத்துக்கு 18 யூரோ. திருத்தமே இலாபம். இப்பொழுது அதே 120 யூரோவைப் பழைய ஆர்.ஓ.ஜி.க்கு, விளையாட்டுக்கென்றே செலவிட்டு, ஆறு மாதத்தில் பிள்ளை சலித்துவிட்டால் மாதத்துக்கு 20 யூரோ. சிக்கனம் என்று எண்ணிச் செய்தது புதியதை விடச் செலவு கூடியதாகிவிட்டது. அதே ஆர்.ஓ.ஜி.க்கு 45 யூரோவில் எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டு, எழுத்து வேலைக்காக 36 மாதம் பாவித்தால் மாதத்துக்கு 1.25 யூரோ. கணனி ஒன்றே, பணி மாறியதும் கணக்கும் மாறிவிட்டது.

இத்துடன் ஓர் உச்சவரம்பும் வேண்டும். அதே வேலையைச் செய்யும், சற்றே புதிய, பாவித்த கணனி என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் விசாரியுங்கள். அதன் மூன்றிலொரு பங்கைத் திருத்தச் செலவு தாண்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்று ராம், அடுத்த மாதம் பற்றரி, அதற்கடுத்த மாதம் பிணைச்சல் என்று சிறுகச் சிறுகச் செல்லும் காசே பெரும்பாலும் இந்த வரம்பை மீறுவது.

வாங்குமிடமும் உதவுமிடமும்

பாவித்த கணனி வாங்குவதாயின், விலையை மட்டும் பார்க்காமல் யாரிடம் வாங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வியாபாரியிடம் வாங்கும் பொருளுக்கு இரண்டு ஆண்டுச் சட்டப் பொறுப்பு உண்டு. பாவித்த பொருளுக்கு அதை ஓராண்டாகக் குறைத்து உடன்படச் ஜேர்மனி போன்ற நாடுகளில் இடமுண்டு. தனியாளிடம் கைக்காசுக்கு வாங்கினால் அப்பாதுகாப்புக் கிடைப்பது அரிது. பற்றுச்சீட்டுப் பெறாமல் வாங்காதீர்கள். பின்னொரு நாள் பொருள் பழுதானாலும், அது உங்களுடையதுதானா என்று எவரேனும் வினவினாலும், கையில் இருக்கும் சாட்சி அந்தச் சீட்டு ஒன்றே.

திருத்துவதற்கு உதவி வேண்டுவோருக்கு, 2009இல் அம்ஸ்ரடாமில் மார்ட்டினே போஸ்ற்மா என்னும் பெண்மணி தொடங்கிய திருத்தகக் கூடங்கள் இன்று ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் நடைபெறுகின்றன. தொண்டர்கள் கூலி பெறாமல் உடனிருந்து திருத்தித் தருவர். உறுப்பை மட்டும் நாம் வாங்கிச் செல்ல வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு அது மொழி பழகவும் அயலவரை அறியவும் ஓர் இடமாகும். பிரான்சில், அங்கீகாரம் பெற்ற திருத்துநரிடம் செல்வோருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழிக்கும் திட்டம் 2022 டிசெம்பரில் தொடங்கப்பட்டது; மடிக்கணனிகளும் அதில் அடங்கின.

தட்டில் இருப்பது விளையாட்டு மட்டுமன்று

இறுதியாக, ஏனைய சமூகத்தாரை விட எம்மவருக்கு முக்கியமான ஒன்றைக் கூற வேண்டும். எமது வீட்டுக் கணனிகளில் விளையாட்டுடன் வேறும் குடியிருக்கின்றன: பிறப்புச் சான்றிதழின் பிரதி, தஞ்ச விசாரணைக்கு எழுதிய வாக்குமூலம், வழக்கறிஞரின் கடிதங்கள், காணாமற்போன உறவினரின் நிழற்படம். சில மூலப்பிரதிகள் ஊரிலும் இல்லை, இங்கும் இல்லை. தட்டில் மாத்திரமே இருக்கின்றன.

ஆகவே தட்டைத் தொடுமுன் இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒன்றை வீட்டிலும் ஒன்றை நம்பிக்கையான வேறோர் இடத்திலும் வையுங்கள். கழற்றிய பழைய தட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். சிறு பெட்டியொன்றில் இட்டு யூ.எஸ்.பி. மூலம் இணைத்தால் அதுவே பிரதி வைக்கும் பேழையாகும். கணனியை விற்பதாயினும் ஊருக்கு அனுப்புவதாயினும், கோப்புகளை அழிப்புத்தொட்டியில் போடுவதுடன் நிறுத்தாதீர்கள். அப்படி அழித்தவற்றைச் சாதாரண நிரல்களால் மீட்கலாம். விண்டோஸின் மீளமைப்பில் தட்டை முற்றாகத் துப்புரவு செய்யும் தெரிவைப் பயன்படுத்துங்கள். அல்லது தட்டைக் கழற்றிக்கொண்டு, தட்டில்லாமலே விற்றுவிடுங்கள். ஒருவர் தம் உயிருக்கு ஏன் அஞ்சினார் என்று எழுதிய பக்கங்கள், முகமறியாத ஒருவரின் கைக்கு ஐம்பது யூரோவுக்காகப் போய்ச் சேரலாகாது.

ஒரு மணி நேரச் சோதனை, சில யூரோ வெப்பப் பசை, மாதத்தால் வகுத்த ஒரு கணக்கு. இவை மூன்றும் முடியும் வரை கடைக்குப் போக வேண்டியதில்லை. முடிந்த பின், நோய் மாற்றக்கூடிய உறுப்பில் இருக்கக் கண்டால் தயங்காது செலவிடுங்கள். மாற்றமுடியாத உறுப்பில் இருக்கக் கண்டால், பழைய கணனிக்கு வேறு பணி கொடுத்துவிட்டு, அடுத்ததற்குச் சேமிக்கத் தொடங்குங்கள். கணக்கெழுதும் கொப்பியைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தாலும் தவறில்லை. வீட்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதை அதிலிருந்து அவன் அறிந்துகொள்வான்.